கித்தாப் பாலில் செய்த கர்ப்பப்பை

பூச்சோங்கில், ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டை ஓரமாகப் பட்டறை போட்டேன். மழை பெய்தால் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் இடம். அங்கே மனிதன் நிற்க மாட்டான் என்றார்கள். நான் நின்றேன். கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முப்பத்தாறு தூண் வார்த்தேன். பிரிக்பீல்ட்ஸில் கோயில் வளைவு ஒன்று, தேவாலயத்துக் கூரைப் பூவேலை ஒன்று, இரண்டும் ஒரே மாதத்தில் முடித்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

போன வாரம் இதே பத்திரிகையில் நான் எழுதிய தூண் சாய்ந்த கதையைப் படித்துவிட்டு ஷா ஆலத்திலிருந்து ஒருவர், “பெருமை கொஞ்சம் அதிகம்” என்று எழுதியிருக்கிறார். ஐயா, இந்த வாரம் இன்னும் அதிகமாக இருக்கும். தயாராகிக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் நான் செய்ததிலேயே பெரிய வேலை தூணும் அல்ல, வளைவும் அல்ல. இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு பொருள். ஒரு பல்கலைக்கழகத்தில் மனிதப் பாலியல் என்று ஒரு பாடத்தை முதன்முதலாக நடத்தியபோது, மேசைமேல் இருந்தது நான் செய்தது. அந்தப் பாடம் அன்றைக்கே செத்துப்போகாமல் இருந்ததும் என்னால்தான்.

இதை வீட்டில் சத்தமாகப் படிக்க முடியாதே என்று பத்திரிகை ஆசிரியர் தயங்கினார். சத்தமாகவே படியுங்கள்.

மணவறைக்குப் பின்னால் ஒரு கேள்வி

எண்பதுகளின் தொடக்கம். கிள்ளானில் ஒரு கல்யாணம். மணவறை என்னுடையது. இரண்டு பக்கமும் யானை. தும்பிக்கையைத் தூக்கி மாலை போடுகிற மாதிரி.

தாலி கட்டி முடிந்ததும் ஒரு குழந்தை ஓடிப்போய்த் தும்பிக்கையைப் பிடித்துத் தொங்கியது. மண்டபமே பதறியது. தும்பிக்கை தரைவரை வளைந்து, குழந்தை கையை விட்டதும் பழையபடி நிமிர்ந்துகொண்டது. சிரித்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

ஒரே ஒரு அம்மா மட்டும் சாப்பிடப் போகவில்லை. வெள்ளைப் புடவை, ஆண்கள் கட்டுகிற மாதிரி பெரிய கைக்கடிகாரம். மணவறைக்குப் பின்னால், நான் வயர் சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்துவிட்டார்.

“இந்தத் தும்பிக்கை எதாலை செய்தது?”

“கித்தாப் பாலுங்கம்மா, ரப்பர் பாலு. பிளாஸ்டர் அச்சுல ஊத்தி எடுத்தது.”

“வேறையும் செய்வீங்களோ?”

“மயில், அன்னம், எது வேணும்னாலும் செய்வேன். சிங்கம்னா ஒரு வாரம் ஆகும்.”

“கர்ப்பப்பை செய்வீங்களோ?”

பக்கத்தில் மிச்சப் பூவை அள்ளிக்கொண்டிருந்த பூக்காரர், கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

“யாருக்கும்மா உடம்பு சரியில்ல?” என்று கேட்டேன். ரப்பரில் செய்து உள்ளே வைக்கிற ஆபரேஷன் ஏதோ வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அவர் பெயர் டாக்டர் யோகேஸ்வரி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் சொல்லிக்கொடுப்பவர்.

நாளைக்கு வாத்தியாராகவும் வெல்ஃபேர் ஆபிசராகவும் போகப்போகிற பிள்ளைகள் அவரிடம் படிக்கிறார்கள். இருபத்திரண்டு வயது. தங்கள் உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களுக்குப் பாலியலை ஒரு பாடமாக, முறையாக, வெட்கமில்லாமல் சொல்லித்தர வேண்டும் என்று நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். டீன் கடைசியில் ஒரு வழி சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு வகுப்பு. டீனும் இன்னும் இரண்டு பேரும் முன்வரிசையில் உட்காருவார்கள். வகுப்பு கேலிக்கூத்தானால் பாடம் அத்தோடு முடிந்தது.

படம் காட்டினால் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். கையில் எடுத்துப் பிரித்துக் காட்டுகிற உருவம் வேண்டும். மருத்துவப் பிரிவில் கேட்டால், அது டாக்டர் படிப்புக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆகும். வகுப்புக்கு இருந்தது பதினாறு நாள்.

“செய்யலாம்லா” என்றேன். எனக்குத் தெரியாத வேலைக்குத்தான் நான் முதலில் சரி சொல்வேன்.

பாலின் வாசம்

எனக்கு ஏன் கித்தாப் பால் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன்.

டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அம்மாவும் அப்பாவும் மரம் சீவினார்கள். பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோய் அமோனியா ஊற்றுவார்கள், உறையாமல் இருக்க. அந்த நெடி மூக்கில் ஏறினால் கண்ணீர் வரும். தோட்டத்தில் யாராவது அழுதால், “என்ன, ஸ்டோர் பக்கம் போனியா?” என்பார்கள். அழுததை யாரும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவ்வளவு வசதி.

பிறகு கோலாலம்பூரில் ஒரு சீன முதலாளியிடம் பிளாஸ்டர் வேலை. கூரை ஓரத்துப் பூவேலை வார்ப்பது. பிளாஸ்டருக்குத் தாகம் அதிகம், தண்ணீரைக் குடிக்கும். ஒருநாள் எனக்குத் தோன்றியது: பிளாஸ்டர் அச்சில் பாலை ஊற்றினால்? அச்சு தண்ணீரைக் குடித்துவிடும், சுவர் ஓரமாகத் தோல் படியும், மிச்சப் பாலைக் கவிழ்த்துவிட்டுக் காயவைத்தால் உள்ளே வெற்றிடமாக, மெத்தென்று ஒரு உருவம் கிடைக்கும். எனக்கு முன்னாலேயே யாரோ கண்டுபிடித்திருக்கலாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

சாமி செய்யும் கை

டாக்டரம்மா கொடுத்த படங்களைப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். மதியத்துக்குள் வேலையாட்கள் எல்லாம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டையும் அப்படியே சாப்பிட்டார்கள்.

முனியாண்டி என்னோடு ஆரம்பத்திலிருந்தே இருந்தவர். சாமி உருவத்துக்குக் கண் எழுதுகிறவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணே என்பார். முதலாளி என்றால் அண்ணன்.

“அண்ணே, இது சாமி செய்யிற கை. இதத் தொட மாட்டேன்.”

“முனியாண்டி, நீ எங்கேர்ந்து வந்தே?”

“ரவாங்லேர்ந்து.”

“அதுக்கு முன்னாடி?”

அவர் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார். ஆனால் மறுநாள் நான் கேட்காமலே இளஞ்சிவப்புக் கலந்து வைத்திருந்தார்.

ஐந்து பிள்ளை பெற்றவன்

ஆறாம் நாள் களிமண் உருவம் தயார். இடுப்பைப் பாதியாக அறுத்த மாதிரி. கர்ப்பப்பை, இரண்டு பக்கமும் குழாய், முட்டைப்பை, மூத்திரப்பை எல்லாம். கோயில் சிற்பிகூடக் கும்பிடுவான், அவ்வளவு அழகு. டாக்டரம்மாவை வரச்சொல்லி, ஈரத் துணியை எடுத்துக் காட்டினேன்.

சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து கீழே பார்த்தார்.

“மிஸ்டர் மருதமுத்து, சிறுநீர் எதாலை போகும்?”

“இதாலதாம்மா.” ஒரே வழிதான் வைத்திருந்தேன்.

“பிள்ளை எதாலை வரும்?”

“அதும் இதாலதான்.”

“உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?”

“அஞ்சு.”

அவர் மேசையிலிருந்த சின்னக் கரண்டியை எடுத்து, களிமண்ணில் தனியாக ஒரு சின்னத் துளை குத்தினார். “இது வேறை, அது வேறை” என்றார். “நான் கொடுத்த படத்திலையும் இருக்குது. நீங்கள் பார்த்தனீங்கள். ஆனால் உங்களுக்குத் தெரிஞ்சதைத்தான் செய்தனீங்கள்.”

உண்மை. படத்தில் இருந்த கோட்டை அச்சுப்பிழை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

முனியாண்டி, “அப்ப ஆம்பள உருவமாவது சரியாம்மா?” என்று கேட்டார். அதைப் பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்த வேலைதானே என்று ஒரே நாளில் செய்திருந்தோம். அதிலும் உள்ளே குழாய் ஒன்று போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

நான் தோற்ற நாள் என்று சொல்ல என் வாழ்க்கையில் அதிகம் இல்லை. அது ஒன்று. இரண்டு உருவத்தையும் உடைத்து வாளியில் போட்டேன்.

ராஜம்மாள் சொன்னது

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். என் மனைவி ராஜம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகி அப்போது இருபது வருடத்துக்கு மேல். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: “ரெண்டும் வேற வேற வழியாமே, உனக்குத் தெரியுமா?”

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “தெரியாம? என் உடம்புதானே.”

“ஏன் சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா? சோத்துல உப்பு பத்தலன்னு கேட்டிருக்கீங்க. இத கேட்டதில்ல.”

அவள் நிறுத்தவில்லை.

“மூணாவது பொறந்தப்புறம் ஒரு வருஷம் எரிச்சல். இருமினா நனையும், சிரிச்சா நனையும். அதனால சிரிக்கிறதயே கொறச்சுக்கிட்டேன். மருத்துவச்சி, பொம்பளன்னா அப்படித்தான்னுட்டா. நீங்க அப்ப கிள்ளான்ல தூண் நட்டுக்கிட்டிருந்தீங்க.”

அந்தத் தூண்களைப் பற்றித்தான் போன வாரம் உங்களுக்கு அவ்வளவு பெருமையாக எழுதினேன்.

மறுநாள் அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். டாக்டரம்மாவும் வந்தார். புதுக் களிமண்ணைப் பார்த்து ராஜம்மாள், “இது இவ்வளவு பெருசா இருக்காதுங்கம்மா” என்று ஆரம்பித்தாள். அதன்பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்றாள் ராஜம்மாள்.

நான் கட்டிய பட்டறை. என்னை வெளியே போகச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் ஈயக்குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே கேள்வியும் பதிலுமாகப் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ராஜம்மாள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. திரும்பிப் போனபோது களிமண்ணில் பன்னிரண்டு இடத்தில் நகக்குறி இருந்தது. பன்னிரண்டையும் திருத்தினேன், ஆண் உருவத்தில் அந்தக் குழாயையும். பிளாஸ்டர் அச்சு எடுத்துப் பால் ஊற்றினேன். நாலு நாள் காயவைத்தேன். பிரித்தால் ஒன்பது துண்டு, சேர்த்தால் ஒரே உடம்பு. கையில் எடுத்தால் உயிருள்ளது மாதிரி அமுங்கும்.

டீன் கேட்டது

வகுப்பு அன்று லோரியிலிருந்து பெட்டியை நானே சுமந்துபோனேன். வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார்.

“இண்டைக்கு இது சரிவராட்டில், இனிப் பத்து வருஷத்துக்கு ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்” என்றார்.

என்னைப் பின்வரிசையில் உட்காரச் சொன்னார். மாணவர்கள் ஐம்பது பேருக்கு மேல். முன்னால் டீன், மலாய்க்காரப் பேராசிரியர், ஒல்லியான மனிதர், நெற்றியில் சுருக்கம். பக்கத்தில் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு.

டாக்டரம்மா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். மாணவர்கள் பெயரில்லாமல் எழுதிப் போட்ட கேள்விச் சீட்டுகள். ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரே நீச்சல் குளத்தில் ஆணும் பெண்ணும் குளித்தால் பிள்ளை உண்டாகுமா. முதல் இரவில் இரத்தம் வராவிட்டால் பெண் கெட்டவளா. கனவில் வருவது நோயா. பட்டதாரி ஆகப்போகிற பிள்ளைகள் கேட்ட கேள்வி. சிரிக்காதீர்கள். பாதிக்கு எனக்கும் விடை தெரியாது.

ஆனால் பிள்ளைகள் சிரித்தார்கள். முதலில் ஒரு மூலையில் கிசுகிசு. துணியை எடுத்து உருவத்தைக் காட்டியதும் பையன்கள் மேசையைத் தட்டினார்கள். பெண்கள் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் டீனுக்குப் பக்கத்தில் இருந்தவர் ஏதோ எழுத ஆரம்பித்தார்.

அப்போது டீன் எழுந்து மேசைக்குப் போனார். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிட்டத்தில் குனிந்தார். பிறகு மலாயில் கேட்டார்.

“இந்தச் சிவப்புப் புள்ளி எந்த உறுப்பு?”

கர்ப்பப்பையின் உச்சியில் சந்தனக் கீற்று, நடுவில் குங்குமம். எங்கள் பட்டறையிலிருந்து எது வெளியே போனாலும் பொட்டு வைத்து, சூடம் காட்டித்தான் லோரியில் ஏற்றுவது வழக்கம். காலையில் ஏற்றியவர் முனியாண்டி. இருபது வருடப் பழக்கம், கை தானாக வைத்துவிட்டது.

அறை முழுவதும் சிரிப்பு. டாக்டரம்மாவும் அப்போதுதான் பார்க்கிறார். பின்வரிசையில் என்னைத் தேடினார்.

நான் எழுந்து நின்றேன். பல்கலைக்கழக வகுப்பில், மூன்றாம் வகுப்புப் படித்தவன், சந்தையில் பேசுகிற பாசார் மலாயில் பேசினேன்.

“துவான், அது உறுப்பு இல்ல. பொட்டு. எங்க பட்டறையில சாமி செஞ்சா வைப்போம். கல்யாண மணவறைக்கு வைப்போம். புது லோரிக்கு வைப்போம். மரியாதைக்கு வைக்கிறது. இந்த ரூம்ல உள்ள எல்லாரும் இதுக்குள்ள பத்து மாசம் இருந்தவங்கதான். இதுக்கு வைக்கலன்னா வேற எதுக்கு வைக்கிறது?”

சிரிப்பு நின்றது. மெல்ல நிற்கவில்லை, ஒரேயடியாக.

டீன் என்னைப் பார்த்தார். உருவத்தைப் பார்த்தார். “அதுவும் சரிதான்” என்றார். போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பக்கத்துக்காரரின் நோட்டுப் புத்தகத்தைக் கையால் மூடினார்.

டாக்டரம்மா அந்தப் பொட்டைத் துடைக்கவே இல்லை. அப்படியே ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பாடம் நடத்தினார். இது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, ஆசை என்பது உடம்பில் எப்படி எழுகிறது, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, வற்புறுத்தினால் அது ஏன் குற்றம். பேனாக்கள் ஓடின.

முடியும்போது ரவாங் தோட்டத்துப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“எங்க அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஏழு வருசமா மலடின்னு சொல்றாங்க. மாமாவ யாரும் டெஸ்ட் பண்ணல. காரணம் அவர்கிட்டயும் இருக்கலாமா, டாக்டர்?”

டாக்டரம்மா ஆண் உருவத்தைக் கையில் எடுத்தார். நாங்கள் திருத்திய அதே குழாயைக் காட்டினார். “இருக்கலாம். இரண்டு பேரையும் சோதிக்க வேணும்” என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே எழுதினாள்.

லோரியில் முனியாண்டி காத்திருந்தார். “என்னண்ணே, திட்டுனாங்களா?”

“பாஸ் பண்ணிட்டாங்க.”

“பொட்டு அழியாமப் போயி சேந்துச்சா?”

“சேந்துச்சு” என்றேன்.

அலமாரிக்குள்

பாடம் நிலைத்தது. அடுத்த பருவத்தில் நாற்காலி போதாமல் பிள்ளைகள் படியில் உட்கார்ந்தார்களாம். ஒவ்வொரு வருடமும் தேய்ந்த துண்டுகளுக்குப் பதில் புதுத் துண்டு வார்த்துக் கொடுத்தேன். அங்கே படித்தவர்கள் எத்தனையோ பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களாக இருக்கிறார்கள். உங்கள் பிள்ளை ஒரு கேள்வி கேட்டு, அதற்கு அடி வாங்காமல் பதில் வாங்கியிருந்தால், அதில் என் பட்டறைக்கும் ஒரு பங்கு உண்டு. அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. உண்மை அப்படித்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு பேரனைச் சேர்க்கப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். கண்ணாடி அலமாரியில் என் உருவம் இருந்தது. நிறம் மங்கியிருந்தாலும் நல்ல நிலையில்தான் இருந்தது. கீழே ஒரு அட்டை: “மாதிரி உருவம். ரப்பர். உள்ளூர்த் தயாரிப்பு.” பாடம் தொடங்கிய வரலாறு என்று சுவரில் ஒரு பலகையும் இருந்தது. டாக்டரம்மா பெயர் இருக்கிறது. சந்தோஷம், அவர் ஓய்வுபெற்று மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். டீன் பெயர் இருக்கிறது. முன்வரிசையில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தவரின் பெயர்கூட இருக்கிறது.

வீட்டுக்கு வந்து ராஜம்மாளிடம் சொன்னேன், உன் பெயரையும் சேர்த்துக் கேட்கப்போகிறேன் என்று.

“என் பேரு எதுக்கு?” என்றாள். அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து சொன்னாள்: “போட்டா, மருதமுத்து மனைவின்னு போடச் சொல்லாதீங்க. பேர மட்டும் போடச் சொல்லுங்க.”

ஆகவே இப்போதைய டீன் அவர்களுக்கு இந்தப் பத்திரிகை மூலம் சொல்கிறேன். அந்த அட்டையை எடுங்கள். அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: உருவம் வார்த்தவர், மருதமுத்து, பூச்சோங். திருத்தியவர், ராஜம்மாள். வர்ணம், முனியாண்டி. அச்சடிக்க வசதி இல்லை என்றால் நானே பிளாஸ்டரில் பலகை வார்த்து எடுத்துவருகிறேன். எழுத்தும் நானே வெட்டுவேன். எந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.